தள்ளுவண்டி நூடுல்ஸ்: ஒரு தட்டுக்குப் பின்னால் 200 வருஷம்

அடுத்து எதைப் பத்திப் பேசலாம் என்று போன மாசம் உங்களிடம் கேட்டிருந்தேன். வந்த பதில்களில் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி. "ஃபாஸ்ட் ஃபுட் கடை நூடுல்ஸ் மாதிரி வீட்ல ஏன் வர மாட்டேங்குது? அதே பாக்கெட், அதே சாஸ். ஆனா நாம பண்ணா கொழகொழன்னு ஆயிடுது."

நம்ம நிகழ்ச்சி வரலாறு பேசுற நிகழ்ச்சி. ஆனாலும் இந்தக் கேள்வியை விட மனசு வரலை. அந்தத் தட்டில் இருக்கும் சட்டி, சாஸ், அஜினோமோட்டோ, தீ என்று எதை எடுத்தாலும் பின்னாடி யாரோ ஊர் விட்டு ஊர் போன கதை இருக்கு. அதனால இன்னைக்கு வரலாறும் சமையலும் சேர்ந்தே வரும். செய்முறை மட்டும் வேணும்னா கடைசிப் பகுதிக்குத் தாவிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.

ஒரு போர்டு, நாலு ஊர்

நான் இருக்கிறது நெமிலிச்சேரி. குரோம்பேட்டை பக்கம் இருக்கிற நெமிலிச்சேரி வேற. இது பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவுல, மின்சார ரயில் நிற்கிற நெமிலிச்சேரி. 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை போட்டார்களே, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, அது இந்த வழியாத்தான் போகுது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம் வந்து முடிந்ததும் இங்கேதான். அதாவது, ஏற்கெனவே எல்லாரும் கடந்து போகிற ஊர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிச்சு வர்றவங்க, ஆவடியில் இருந்து வர்றவங்க, காலேஜ் பசங்க என்று சாயங்காலம் 6 மணிக்கு மேல ரோட்டோரம் நல்ல கூட்டம் இருக்கும். தள்ளுவண்டியில் கரண்டி சட்டியில் மோதுற 'டங் டங்' சத்தமும் அப்பத்தான் ஆரம்பிக்கும்.

அந்த வண்டியின் போர்டைக் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. ஹக்கா நூடுல்ஸ். செஸ்வான் நூடுல்ஸ். சிங்கப்பூர் நூடுல்ஸ். கோபி மஞ்சூரியன். ஹக்கா என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். செஸ்வான் என்பது சிச்சுவான் மாகாணம். மஞ்சூரியா சீனாவின் வடகிழக்கு மூலை. நாலு பெயரும் பெரிய பெரிய இடத்துப் பெயர்கள். ஆனால் மஞ்சூரியாவில் போய் கோபி மஞ்சூரியன் கேட்டால் யாருக்கும் தெரியாது. அது நம்ம நாட்டில் பிறந்தது. எப்படிப் பிறந்தது என்பதுதான் கதை.

முதலில் சட்டி

தென் மாவட்டங்களில் வாணலிக்கு சீனச்சட்டி, சீனிச்சட்டி என்று ஒரு பெயர் உண்டு. மலையாளத்திலும் சீனச்சட்டிதான். அப்பளம் பொரிக்கவும் வடை சுடவும் தினமும் அடுப்பில் ஏற்றுகிற பாத்திரத்தின் பெயரிலேயே சீனா உட்கார்ந்திருக்கு. சர்க்கரைக்கு 'சீனி' என்று சொல்கிறோமே, அதிலும்தான்.

இந்த உறவு ரொம்பப் பழசு. சோழர்களின் தூதுக்குழு 1015-ல் சீன அரசவைக்குப் போயிருக்கிறது. சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பகுதியில் சீன நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆக, நம்ம ஊருக்குச் சீனா புதுசு இல்லை. நூடுல்ஸ்தான் புதுசு. அதுவும் முழுப் புதுசு என்று சொல்ல முடியாது, இடியாப்பமும் சேவையும் சாப்பிடுகிற ஆட்களுக்கு நூல் நூலா இருக்கிற சாப்பாடு என்ன அதிசயம்?

நூடுல்ஸின் வயசு தெரியணும்னா, சீனாவின் லாஜியா என்ற இடத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4,000 வருஷத்துக்கு முந்தைய நூடுல்ஸ் கிடைத்ததாக 2005-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தினை மாதிரியான சிறுதானியத்தில் செய்தது என்றார்கள். எதில் செய்தது, எப்படிச் செய்தது என்று அப்புறம் சண்டையும் நடந்தது. அதை விடுவோம்.

ஆச்சிபூரில் இறங்கியவர்

இந்தியாவில் குடியேறிய முதல் சீனர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் டாங் ஆச்சியூ. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலம். கல்கத்தாவுக்குத் தெற்கே பட்ஜ் பட்ஜ் பக்கம், ஹூக்ளி ஆற்றங்கரையில் அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே அவர் ஆரம்பித்தது என்ன தெரியுமா? கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும். அதாவது, சீனி. அந்த இடத்துக்கு இன்னைக்கும் ஆச்சிபூர் என்றுதான் பெயர். அவர் சமாதி அங்கே இருக்கிறது. சீனப் புத்தாண்டு சமயத்தில் கொல்கத்தா சீனர்கள் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

ஆச்சியூவுக்குப் பிறகு வந்தவர்கள் கல்கத்தா நகரத்துக்குள், டிரெட்டா பஜார் பக்கம் குடியேறினார்கள். கான்டோனீஸ் பேசியவர்கள் தச்சு வேலை செய்தார்கள். ஹூபே மாகாணத்தவர் பல் கட்டினார்கள். ஹக்கா மக்கள் தோல் பதனிடும் வேலைக்கு டாங்ரா பகுதிக்குப் போனார்கள். தோல் வேலையைத் தீட்டு என்று மத்தவங்க ஒதுக்கினாங்க இல்லையா, அந்தக் காலியிடம்தான் இவர்களுக்குக் கிடைத்தது. மதராஸுக்கும் சிலர் வந்தார்கள். சீனப் பல் டாக்டர், சீன பியூட்டி பார்லர் என்று பழைய சென்னைக்காரங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. மவுண்ட் ரோடு சுங்கிங் உணவகத்தைப் பற்றியும் சொல்வார்கள்.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனிங்க. 'ஹக்கா' என்றால் சீன மொழியில் விருந்தாளிக் குடும்பம் என்று அர்த்தம். வடக்கில் இருந்து தெற்குச் சீனாவுக்கு இடம் பெயர்ந்து வந்தவர்களை, அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழ்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. நம்ம ஊர்ல இதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. மனசு நல்லா இருந்தா விருந்தாளி. இல்லேன்னா வந்தேறி.

1962: இரண்டு கதவுகள் மூடிய வருஷம்

1962 அக்டோபர் 20. இந்திய–சீனப் போர் தொடங்குகிறது. நவம்பர் 21-ல் சண்டை நின்றுவிட்டது. ஒரு மாசம்தான். ஆனால் இந்தியச் சீனர்களுக்கு அந்த மாசம் பல வருஷம் நீண்டது.

அவசரமாகச் சட்டங்கள் வந்தன. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவர் எதிரி நாட்டைச் சேர்ந்தவராக இருந்தாலே சந்தேகத்துக்குரியவர். அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் பகுதிகளில் இருந்து சுமார் 3,000 பேரை ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் தியோலி என்ற இடத்தில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். ரயில் பயணமே ஒரு வாரம். இந்தியாவில் பிறந்தவர்கள், சீன மொழி சரியாகத் தெரியாதவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியே வர 1967 ஆனது. வந்து பார்த்தால் பலருக்கு வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசோசாவுடன் சேர்ந்து 2020-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்பே அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி இதை நாவலாக எழுதியிருந்தார்.

கல்கத்தாவில் மிச்சம் இருந்த சீனர்கள் கண்காணிப்பில் வாழ்ந்தார்கள். நிறைய பேர் கனடாவுக்குக் கிளம்பினார்கள். டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோ போனீங்கன்னா, மஞ்சூரியன் போடுகிற ஹக்கா உணவகங்களும் ஈழத்தமிழர் கடைகளும் ஒரே ஊரில் இருக்கும். ரெண்டு பேரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தவங்க.

இப்போ அதே 1962-க்கு இன்னொரு பக்கத்தில் இருந்து வருவோம். மார்ச் 2. பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிக்கிறார். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். அதில் தமிழர்கள் கணிசம். 1963-ல் வங்கிகள் அரசுடைமை. 1964-ல் கடைகளும் அரசுடைமை. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாக மதராஸ் துறைமுகத்தில் நம்ம ஆட்கள் வந்து இறங்கினார்கள். நகை, பணம் எதையும் பெரிசாக எடுத்து வர விடவில்லை.

கையில் கொண்டுவர முடிஞ்சது ருசி மட்டும்தான். வியாசர்பாடியிலும் பர்மா பஜார் பக்கத்திலும் இன்னைக்கும் அத்தோ கிடைக்குதே, அது இப்படி வந்தது. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் போட்டு, பேஜோ நொறுக்கி, கையாலேயே பிசைஞ்சு தருவாங்க. கூட ஒரு வாழைத்தண்டு சூப். மாசாலா முட்டை.

யோசிச்சுப் பாருங்க. சென்னைத் தெருவில் ரெண்டு நூடுல்ஸ். ஒண்ணு, இந்தியாவில் பிறந்தும் சீனர் என்று அடைக்கப்பட்டவர்களுடையது. இன்னொண்ணு, பர்மாவில் பிறந்தும் இந்தியர் என்று அனுப்பப்பட்டவர்களுடையது. இரண்டு பேரும் வந்து நின்றது அடுப்பு முன்னாடி.

இது தற்செயல் இல்லை. அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று அங்கே சட்டம் போட்டார்கள். வணிகர்களுக்கு மட்டும் விலக்கு. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவகம் நடத்துபவரும் வணிகர்தான் என்றது. அதன் பிறகு அமெரிக்க நகரங்களில் சீன உணவகங்கள் மளமளவென்று பெருகின. படங்களில் பார்க்கிற அட்டைப் பெட்டி நூடுல்ஸுக்குப் பின்னாடி இப்படி ஒரு சட்டச் சந்து இருக்கு. மத்த கதவெல்லாம் மூடினா சமையலறைக் கதவு மட்டும் திறந்திருக்கும்.

நம்ம ருசிக்கு மாறியது

சாஸ் இல்லாமல் இந்த நூடுல்ஸ் இல்லை. 1950-களில் கல்கத்தாச் சீனக் குடும்பங்கள் உள்ளூரிலேயே சோயா சாஸும் மிளகாய் சாஸும் தயாரிக்க ஆரம்பித்தார்கள். போ சாங் அப்படி வந்த பெயர்களில் ஒன்று. சீனாவில் அதிகம் பார்க்க முடியாத அந்தப் பச்சை மிளகாய் சாஸ், நம்ம நாக்குக்காகவே வந்த மாதிரி இருக்கும்.

அடுத்த திருப்பம் பம்பாய். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975-ல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்தார். மெனுவில் இல்லாத எதையாவது செய்து தரச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் கேட்டாராம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று இந்தியக் குழம்புக்குத் தாளிக்கிற மாதிரி ஆரம்பித்து, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்தார். அதுதான் சிக்கன் மஞ்சூரியன். அப்புறம் கோழியின் இடத்தில் காலிஃபிளவர் வந்து, கோபி மஞ்சூரியன் ஆகி, இன்னைக்குக் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துடுச்சு.

1983 வாக்கில் மேகி வந்தது. நூடுல்ஸ் என்ற பொருளே வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். 1996-ல் கல்கத்தாத் தோல் தொழிற்சாலைகளை இடம் மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டாங்ராவில் தோல் வேலை ஓய, உணவகங்கள் அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

அஜினோமோட்டோ பயம்

"அந்தக் கடையில அஜினோமோட்டோ போடுவாங்க, வேணாம்" என்று வீட்டில் சொல்லாத அம்மா உண்டா? 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர், கடல்பாசி சூப்பின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இயற்கையாகவே அதே குளுட்டமேட் இருக்கு.

பயம் ஆரம்பித்தது 1968-ல். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஒருவர் கடிதம் எழுதினார். ஆய்வு இல்லை, வெறும் கடிதம். உடனே அதற்கு 'சீன உணவக நோய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு, எது உண்மையான அஜினோமோட்டோ என்று சாப்பிடுகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், சாதாரண அளவில் இப்படி ஒரு நோய் இருப்பதாக உறுதியாகவில்லை. அதே பொருள் சிப்ஸ் பாக்கெட்டில் இருந்தபோது யாரும் எந்த நாட்டின் பெயரையும் நோய்க்கு வைக்கவில்லை. தள்ளுவண்டியில் கவலைப்பட வேண்டியது அதிக உப்பு, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், கை சுத்தம். இதையெல்லாம் இட்லிக் கடையிலும்தான் பார்க்கணும்.

இப்போ அடுப்பைப் பத்த வைங்க

கடை நூடுல்ஸுக்கும் வீட்டு நூடுல்ஸுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தீ. கடையில் ஹை பிரஷர் பர்னர். ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர்கள் சட்டியைத் தூக்கிப் போடுவதை வீடியோ எடுத்து ஆராய்ந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2020-ல் வந்தது. வினாடிக்குக் கிட்டத்தட்ட 3 முறை தூக்கிப் போடுகிறார்கள். சட்டி பயங்கரமாகச் சூடாகும். அவ்வளவு சூட்டிலும் சோறு கருகாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறை மேலே பறக்கும்போதும் அது கொஞ்சம் ஆறுகிறது. கான்டோனீஸில் அந்தப் புகை மணத்துக்கு, சட்டியின் மூச்சு என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு.

நம்ம வீட்டு அடுப்பில் அந்தத் தீ வராது. அதனால நாம் செய்ய வேண்டியது, தண்ணியை ஒழிக்கிறது. சட்டியில் ஈரம் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வறுபடுகிற மணம் வருவதற்கு 140 டிகிரியாவது வேணும். நாலு பேருக்கு ஒரேயடியாகக் கொட்டினால் நூடுல்ஸ் வதங்காது, வேகும். அதுதான் அந்தக் கொழகொழ.

ரெண்டு பேருக்கு 150 கிராம் பாக்கெட் ஒண்ணு. நிறையத் தண்ணி கொதிக்க வெச்சு, உப்பு போட்டு, முக்கால் பதம் வந்ததும் வடிச்சிடுங்க. உடனே பச்சைத் தண்ணியில் அலசுங்க. மேலே இருக்கிற மாவுப் பசை போகணும். ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி, தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம். முடிஞ்சா ஃப்ரிட்ஜில் வைங்க. கடையில் சாயங்காலமே வேகவெச்சுக் கூடையில் குவிச்சு வெச்சிருப்பாங்களே, அதுக்கும் இதான் காரணம்.

முட்டைகோஸ், கேரட், குடைமிளகாய் மெல்லிசாக நறுக்கி ஈரம் போகத் துடைச்சுக்குங்க. இரும்புச் சட்டிதான் நல்லது. நான்-ஸ்டிக்கை இவ்வளவு சூடு பண்ணக் கூடாது. சட்டி லேசாகப் புகையும் வரை காய விட்டு எண்ணெய். பூண்டு, உடனே முட்டை, கிளறி ஓரமாகத் தள்ளுங்க. காய் எல்லாம் போட்டு ஒரு நிமிஷம், முழுத் தீ. நூடுல்ஸில் பாதியை மட்டும் போடுங்க, மீதி அடுத்த ஈடு. அரை நிமிஷம் கிளறாம விட்டு, அடி லேசாகச் சிவந்ததும் புரட்டுங்க. சோயா சாஸ் ஒரு ஸ்பூன், பச்சை மிளகாய் சாஸ் ஒரு ஸ்பூன், நூடுல்ஸ் மேலே ஊத்தாம சட்டியின் ஓரத்துச் சுவரில் ஊத்துங்க. சுர்ருன்னு காயும்போது வர்ற மணம்தான் நீங்க கேட்டது. உப்பு, வெள்ளை மிளகுத்தூள், விருப்பம்னா ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ. அடுப்பை அணைச்ச பிறகு அரை ஸ்பூன் வினிகர், வெங்காயத்தாள். இவ்வளவுதான்.

யாரை எப்படிக் கூப்பிடுறோம்

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். நம்ம ஏரியா வண்டிகளில் இப்போ வடகிழக்கு மாநிலங்களில் இருந்து வந்த பசங்க நிறைய பேர் மாஸ்டரா இருக்காங்க. ஒரு நாள் ஒருத்தரை வாடிக்கையாளர் ஒருவர் "ஏய் சைனா, சீக்கிரம் போடு" என்றார். அந்தப் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணா, நான் அசாம்" என்று தமிழிலேயே சொல்லிட்டு முட்டையை உடைச்சான். சுத்தி நின்ன நாங்க சிரிச்சோம். ஆனா அந்தப் பதிலை அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான்? 1962-ல் அசாமில் அதே பதிலைச் சொன்ன 'மாகும்' ஊர்க்காரங்களை யாரும் நம்பலை. ரயில் ஏத்திட்டாங்க.

பழைய தமிழில் 'விருந்து' என்றால் புதுமை என்று அர்த்தம். புதுசா வந்தவர் விருந்தினர். திருக்குறளில் அதற்கு ஒரு அதிகாரமே இருக்கு. ஹக்கா என்ற பெயரின் அர்த்தமும் இதேதான் என்பது எனக்கு இந்த எபிசோடுக்குப் படிக்கும்போதுதான் உறைச்சது. அடுத்த தடவை வண்டி முன்னாடி நிக்கும்போது மாஸ்டர் பேரைக் கேளுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வீட்ல செஞ்சு பார்த்து எப்படி வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த வாரம் வேற கதையோட சந்திப்போம். வணக்கம்.